அம்மா குண்டா தான் இருக்காங்க, அப்புறம் ஏன் கீமோ தாங்கல?

கேள்வி: வணக்கம் மேடம். எங்க அம்மாவுக்கு 58 வயசு. இடது மார்புல கேன்சர்னு ஆபரேஷன் முடிஞ்சு கீமோ போயிட்டு இருக்கு. முதல்ல மூணு வாரத்துக்கு ஒரு தடவைன்னு நாலு கீமோ, இப்போ வாரா வாரம் பாக்லிடாக்சல், 12ல 5 முடிஞ்சிருக்கு. அஞ்சாவதுக்கு அப்புறம் பயங்கர அசதி, வயித்துப்போக்கு, ரத்தத்துல வெள்ளை அணு கவுண்டும் கம்மின்னு ரெண்டு வாரம் தள்ளிப் போட்டு டோஸையும் கொஞ்சம் குறைச்சிட்டாங்க. எனக்குப் புரியாதது என்னன்னா அம்மா இளைக்கவே இல்ல. ஆரம்பத்துல 71 கிலோ, இப்போ 74. உயரம் 152 செ.மீ. இட்லி, ரசம் சாதம், கஞ்சி, இளநீர், ஜூஸ்னு வேளா வேளைக்கு சாப்பிடறாங்க. ஆனா தரையில உக்காந்தா தூக்கி விடணும், பாத்ரூம்ல கையப் புடிக்கணும். சித்தி கூடவே இருந்து பாத்துக்கறாங்க, அவங்க முட்டை, கறி, பால் எல்லாம் கேன்சருக்குத் தீனின்னு நிறுத்திட்டாங்க. இடது கையில ஒரு சொம்பு கூட தூக்க விடறதில்ல, முழு ரெஸ்ட். வெயிட் ஏறுறதால டயட் இருக்கணுமா? டோஸ் குறைச்சதால நோய் திரும்பி வந்துருமா? அண்ணன் முள்ளு சீத்தா பவுடர் வாங்கிட்டு வந்திருக்கார், குடுக்கலாமா? (வாசகி, தஞ்சாவூர் பக்கம்)

பதில்:

வணக்கம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, கேன்சர் நோயாளிகளுக்கு சாப்பாடு பாக்குற டயட்டீஷியன், அதனால டோஸ் பத்தின முடிவெல்லாம் உங்க ஆன்காலஜிஸ்ட் கிட்ட தான், நான் சொல்றது அந்த டோஸ தாங்கற உடம்ப எப்படி வச்சுக்கறதுங்கறத பத்தி மட்டும்.

உங்க லெட்டர்ல நான் ரெண்டு தடவை படிச்ச வரி 74 கிலோ இல்ல, "தரையில உக்காந்தா தூக்கி விடணும்"ங்கறது தான். ஆறு மாசத்துக்கு முன்னாடி அம்மா தானா எந்திரிச்சாங்களா? எந்திரிச்சிருப்பாங்கன்னு தான் நினைக்கறேன், சமையல் ரூம்ல அருவாமணையில உக்காந்து காய் நறுக்கிட்டு கைய ஊனி எந்திரிக்கற தலைமுறை அது. அப்போ 71 கிலோவுல முடிஞ்சது இப்போ 74ல முடியலன்னா மூணு கிலோ வெயிட் கூடினது மட்டும் காரணமா இருக்காது. தொடைத் தசை குறைஞ்சிருக்கு, அந்த இடத்துல கொழுப்பும் நீரும் சேந்திருக்கு, வெயிட் மெஷின் மூணையும் ஒண்ணாக் கூட்டி ஒரே நம்பரா காட்டுது, நம்மளும் அதப் பாத்து அம்மா நல்லா இருக்காங்கன்னு நினைச்சுக்கறோம். கன்னம் ஒட்டிப்போய் எலும்பு தெரிஞ்சா தான் நம்ம ஊர்ல பயப்படுவாங்க, குண்டா இருக்கறவங்க வீட்டுல யாருக்கும் சந்தேகமே வராது. இந்த மாதிரி கேஸ் தான் லேட்டா எங்ககிட்ட வரும்.

இது அபூர்வமும் இல்ல. அமெரிக்காவுல பரவாத மார்பகப் புற்றுநோய் இருந்த 3241 பெண்களோட சி.டி. ஸ்கேன எடுத்து தசைய அளந்து 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு, மூணுல ஒருத்தருக்கு தசை கம்மியா இருந்துச்சு. அதுல கவனிக்க வேண்டியது, உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற பி.எம்.ஐ. கணக்க வச்சு அவங்க யாருன்னு கண்டுபிடிக்க முடியல. தசை கம்மியா இருந்தவங்களுக்கு இறப்பு விகிதமும் கூடுதலா இருந்துச்சு.

ஏன் இப்படி ஆகுதுன்னா ஒரு காரணம் இல்ல, நாலஞ்சு ஒண்ணா சேருது. கீமோ, ஆபரேஷன் இதுனால எல்லாம் உடம்புக்குள்ள அழற்சி இருந்துட்டே இருக்கும், அந்த நிலையில தசை வேகமா கரையும், சாப்பிட்ட புரோட்டீன தசையா மாத்தற வேலை மந்தமா நடக்கும். அடுத்தது ஸ்டீராய்டு. பாக்லிடாக்சல் ஏத்தறதுக்கு முன்னாடி அலர்ஜி வராம இருக்க டெக்ஸாமெத்தசோன் போடுவாங்க இல்லையா, முந்தின நாலு கீமோவுலயும் வாந்திக்காக அதே மருந்து போயிருக்கும். அது அவசியமான மருந்து, அத நிறுத்தச் சொல்லல. ஆனா அடிக்கடி உள்ள போகும்போது அது முதல்ல கை வைக்கறது இடுப்பு, தொடை தசையில தான், அதனால தான் தரையில இருந்து எந்திரிக்கறது, இந்தியன் டாய்லெட், பஸ் படி இதெல்லாம் முதல்ல கஷ்டமாகும், கையில டம்ளர் புடிக்கறது நல்லாவே இருக்கும். அதே ஸ்டீராய்டு பசிய தூண்டும், நீர் கோக்க வைக்கும், சுகரையும் ஏத்தும். கணுக்காலுக்கு மேல கட்டை விரலால அஞ்சு செகண்ட் அழுத்திப் பாருங்க, பள்ளம் விழுந்து அப்படியே நின்னா அந்த மூணு கிலோவுல நீரும் இருக்கு, அத டாக்டர் கிட்ட சொல்லணும்.

அப்புறம் படுக்கை. நோயே இல்லாத, நல்லா நடமாடிட்டு இருந்த வயசானவங்கள பத்து நாள் படுக்கையிலயே வச்சுப் பாத்தாங்க, 2007ல வந்த ஆய்வு, பத்து நாள்ல கால் தசை மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ போயிருந்துச்சு. நோய் இல்லாதவங்களுக்கே அப்படின்னா, உங்க சித்தி பாசத்துல குடுக்கற முழு ரெஸ்ட் அம்மாவோட தொடைக்கு என்ன பண்ணியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சித்திய திட்டாதீங்க தயவு செஞ்சு, கூட இருந்து பாத்துக்க ஆள் இருக்கறதே பெரிய விஷயம், அவங்கள நம்ம பக்கம் இழுத்துட்டா பாதி வேலை முடிஞ்சுது.

இப்போ உங்க மெயின் கேள்வி, கீமோ ஏன் தாங்கல. கீமோ டோஸ எப்படி கணக்கு போடறாங்கன்னு தெரிஞ்சா உங்களுக்கே விளங்கும். உயரத்தையும் எடையையும் வச்சு உடம்போட மேற்பரப்பு எத்தனை சதுர மீட்டர்னு ஒரு ஃபார்முலா போடுவாங்க, ரொம்ப காலமா புழக்கத்துல இருக்கற ஃபார்முலா 1916ல ட்யூ பாய்ஸ்னு ரெண்டு பேர் வெறும் ஒன்பது பேர அளந்து போட்டது, நூறு வருஷம் தாண்டியும் அது ஓடிட்டு இருக்கு. அம்மாவுக்கு அது கிட்டத்தட்ட 1.7 சதுர மீட்டர் வரும், வாராந்திர பாக்லிடாக்சல் வழக்கமா ஒரு சதுர மீட்டருக்கு 80 மில்லிகிராம், ஆக 140 மில்லிகிராம் பக்கம். இதே உயரம் இதே எடையில வயல் வேலை பாத்து தொடை இறுகிப் போன இன்னொரு அம்மா வந்தாலும் அதே 140 தான். அந்தக் கணக்குல தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவுன்னு எங்கயும் வராது. ஆனா மருந்து உடம்புல பரவறதும் கழியறதும் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்காது, அடி வாங்கி எந்திரிக்கற தெம்பும் ஒரே மாதிரி இருக்காது.

கனடாவுல கார்லா ப்ராடோன்னு ஒருத்தங்க, அவங்களும் சாப்பாட்டுத் துறைக்காரங்க தான், இந்த விஷயத்த தொடர்ந்து ஆராய்ச்சி பண்ணிட்டு வராங்க. 2009ல வந்த அவங்க ஆய்வுல கேப்சிடபின்ங்கற கீமோ மாத்திரை எடுத்த, நோய் பரவின 55 மார்பகப் புற்றுநோய் பெண்கள பாத்தாங்க, தசை கம்மியா இருந்தவங்கள்ல பாதிப் பேருக்கு கடுமையான பக்க விளைவு வந்துச்சு, மத்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு தான். சின்ன ஆய்வு தான், மருந்தும் வேற, நோயோட நிலையும் வேற. ஆனா அதுக்கப்புறம் வேற வேற கேன்சர்லயும் இதே போக்கு வந்துட்டே இருக்கு.

இதப் படிச்சுட்டு "அப்போ அம்மா குண்டு, டோஸ குறைச்சே குடுங்க"ன்னு டாக்டர் கிட்ட போய் நின்னுடாதீங்க, அது தப்பாப் போயிடும். உடல் பருமன் இருக்கறவங்களுக்கும் உண்மையான எடைக்கு முழு டோஸ் குடுக்கணும்னு அமெரிக்க புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2012லயே வழிகாட்டுதல் போட்டுடுச்சு, குண்டா இருக்காங்கன்னு பயந்து குறைச்சுக் குடுத்ததுல பலன் குறைஞ்சு போனத பாத்து தான் அப்படி சொன்னாங்க. தசைய அளந்து டோஸ் போடற முறை இன்னும் வழக்கத்துக்கு வரல. அதனால டோஸ தசைக்கு ஏத்த மாதிரி இறக்கறது நம்ம வேலை இல்ல, தசைய டோஸுக்கு ஏத்த மாதிரி தூக்கி நிறுத்தறது தான் நம்ம கையில இருக்கு.

இன்னொன்னும் நேர்மையா சொல்லணும். எல்லா பக்க விளைவுக்கும் தசை தான் காரணம்னு நான் சொல்லல. வெள்ளை அணு கவுண்ட் விழறது எலும்பு மஜ்ஜை விஷயம், அதுக்கு கவுண்ட் ஏத்தற ஊசி இருக்கு, மாதுளை ஜூஸுக்கோ பீட்ரூட்டுக்கோ அது ஏறாது. விரல் நுனி, பாதம் மரத்துப் போறது பாக்லிடாக்சலோட குணம், முட்டை சாப்பிட்டா அது சரியாகாது. டோஸ குறைச்சது எதுக்காகன்னு டாக்டர் கிட்ட கேளுங்க, கவுண்டுக்காகவா, வயித்துப்போக்குக்காகவா, மரமரப்புக்காகவா, அசதிக்காகவான்னு. கடைசியா சொன்னதுல தான் நம்மளால நிறைய பண்ண முடியும்.

"டோஸ் குறைச்சா நோய் திரும்புமா"ன்னு கேட்டிருக்கீங்க. இத்தாலியில மிலான்ல போனடோன்னாவோட குழு மார்பகப் புற்றுநோய்ல ஆபரேஷனுக்கு அப்புறம் கீமோ குடுத்தவங்கள 20 வருஷம் பின்தொடர்ந்து 1995ல எழுதினாங்க, திட்டம் போட்ட டோஸ்ல 85 சதவீதத்துக்கு மேல வாங்கினவங்களுக்கு நல்ல பலன், 65 சதவீதத்துக்கும் கீழ போனவங்களுக்கு கீமோவே வாங்காதவங்கள விட பெருசா வித்தியாசம் இல்ல. அது பழைய மருந்துக் கூட்டு, அப்படியே இன்னைக்கு பொருத்த முடியாது, ஆனா 85ங்கற அந்த நம்பர் இன்னும் டாக்டர்கள் மனசுல இருக்கு. அம்மாவுக்கு ஒரு தடவை கொஞ்சம் குறைச்சதாலயும் ரெண்டு வாரம் தள்ளினதாலயும் நீங்க தூக்கத்த விட வேண்டியதில்ல, அது பாதுகாப்புக்காக செய்யற சாதாரண விஷயம். திரும்பத் திரும்ப தள்ளிப் போகாம மிச்சம் ஏழையும் முடிக்கறது தான் இப்போ வேலை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம், எனக்கு பிடிச்ச ஏரியா. நீங்க எழுதின மெனுவ நான் உக்காந்து கணக்கு போட்டேன். மூணு இட்லி சாம்பார் 8 கிராம் புரோட்டீன், இளநீர்ல கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல, மதியம் ரசம் சாதம் பொரியல் ஒரு 9, ஜூஸும் பிஸ்கட்டும் 2, ராத்திரி கஞ்சியோ இடியாப்பமோ ஒரு 5. மொத்தமே 25 கிராம தாண்டல. தேவை எவ்வளவுன்னா, ஐரோப்பிய ஊட்டச்சத்து சங்கத்தோட வழிகாட்டுதல் கேன்சர் நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு 1 கிராமுக்கு மேல, முடிஞ்சா 1.5 வரைக்கும்னு சொல்லுது. அம்மா மாதிரி எடை கூடினவங்களுக்கு 74ஐயும் அப்படியே பெருக்க மாட்டோம், கொஞ்சம் இறக்கி தான் கணக்கு போடுவோம், அப்படிப் பாத்தாலும் 65ல இருந்து 70 கிராம் வேணும். அதாவது வயிறு நிறைய சாப்பிட்டும் தேவையில பாதி கூட போகல. உள்ள வர்றது பத்தலன்னா உடம்பு சும்மா இருக்காது, காயம் ஆத்தணும், அணுக்கள் உருவாக்கணும், அதுக்கு தசைய உடைச்சு எடுத்துக்கும், பஞ்சத்துல விதை நெல்ல குத்தி சோறாக்கற மாதிரி.

"கேன்சருக்கு தீனி" கதைக்கு இங்கயே பதில் சொல்லிடறேன். சித்தி முட்டைய நிறுத்தினா கேன்சர் செல் பட்டினி கிடக்காது, அதுக்கு வேண்டியத அது ரத்தத்துல இருந்து எடுத்துக்கும், ரத்தத்துல குறைஞ்சா கல்லீரல் தசையில இருந்து வர்ற புரோட்டீன வச்சு சர்க்கரை தயாரிச்சு விட்டுடும். பட்டினி கிடக்கறது அம்மா மட்டும் தான். சர்க்கரைக்கும் இதே தான், ஒரு துண்டு பழத்துக்கு பயப்பட வேண்டாம், ஆனா டம்ளர் டம்ளரா ஜூஸ் வேண்டாம், காரணம் கேன்சர் இல்ல, ஸ்டீராய்டு நேரத்துல சுகர் எகிறும். ஃபாஸ்டிங் சுகரும் சாப்பிட்டப்புறம் பாக்குற சுகரும் ஒரு தடவை பாத்துடுங்க. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடறாங்கங்கறதும் வாட்ஸ்அப்ல சுத்தற கதை தான், அந்தக் கோழி சீக்கிரம் வளர்றது ரகத்தாலயும் தீவனத்தாலயும், ஒவ்வொரு கோழிக்கும் ஊசி போட்டா பண்ணைக்காரருக்கு கட்டுப்படியாகுமா சொல்லுங்க. மீல் மேக்கர், சோயாவும் சாப்பாட்டு அளவுல மார்பகப் புற்றுநோய்க்காரங்க சாப்பிடலாம், மாத்திரையா வர்ற சோயா எக்ஸ்ட்ராக்ட் தான் வேண்டாம்.

அதனால மெனுவ தலைகீழா மாத்த வேண்டாம், நாலு இடத்துல கை வச்சா போதும். காலையில இட்லி ரெண்டு, கூட ரெண்டு முட்டை, 12 கிராம். கீமோ நேரத்துல முட்டை வாடை சில பேருக்கு ஒத்துக்காது, மிளகு தூக்கலா போட்டு பொடிமாஸ் பண்ணுங்க, இல்லனா தோசைக்கு மேல ஊத்திடுங்க, ஆனா ஹாஃப் பாயில் கூடவே கூடாது, கவுண்ட் கம்மியா இருக்கும்போது முழுசா வெந்தது தான். மதியம் நூறு கிராம் மீனோ கோழியோ குழம்புல போட்டது, 20 கிராம் பக்கம் வந்துடும், சைவ நாள்ல ரசத்துக்கு பதிலா கெட்டி பருப்பு ரெண்டு கரண்டி, ஒரு கப் தயிர், கூட மீல் மேக்கரோ பனீரோ. சாயங்காலம் ஜூஸுக்கு பதிலா ஒரு கப் கொண்டக்கடலை சுண்டல், 12 கிராம் வரும், வயித்துப்போக்கு இருக்கற வாரத்துல மட்டும் சுண்டல விட்டுட்டு பொட்டுக்கடலைய மாவாக்கி மோர்ல கலக்கி குடுங்க. ராத்திரி கஞ்சிக்கு பதிலா அடை, பருப்பு தூக்கலா போட்டு. படுக்கறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் பால்ல ரெண்டு ஸ்பூன் பால் பவுடர் கலந்து குடுங்க, கொழுப்பு நீக்கின பால் பவுடர்ல நூறு கிராமுக்கு 35 கிராம் அளவு புரோட்டீன் இருக்கு. ஆயிரம் ரெண்டாயிரம் குடுத்து டின் வாங்கறதுக்கு முன்னாடி இத பண்ணிப் பாருங்க, டின் தான் வேணும்னா பின்னாடி லேபிள்ல முதல் பொருள் என்னன்னு பாருங்க, சர்க்கரையோ மால்ட்டோ முதல்ல இருந்தா அங்கயே வச்சுட்டு வந்துடுங்க. ஒரே வேளையில மொத்தத்தையும் திணிக்காம மூணு வேளைக்கும் பிரிச்சு, ஒவ்வொரு வேளையும் 20 கிராமுக்கு பக்கத்துல போற மாதிரி பாத்துக்கோங்க, வயசானவங்க உடம்புல தசை கட்ட அது உதவும். இதுக்கெல்லாம் முன்னாடி கிட்னி டெஸ்ட், அந்த கிரியாட்டினின் நார்மலான்னு ரிப்போர்ட்ல பாத்துடுங்க, அதுல பிரச்சனை இருந்தா இந்த அளவு உங்க டாக்டர் சொல்லி தான்.

ஆட்டுக்கால் சூப் பத்தி நீங்க கேக்கல, ஆனா சித்தி கறிய அனுமதிச்ச அடுத்த நாளே அது அடுப்புல ஏறும்னு எனக்குத் தெரியும். வாய்க்கு நல்லா இருக்கும், உப்பும் நீரும் போகும், குடுங்க. அதுல தெம்பு வந்துடும்னு மட்டும் நம்பிடாதீங்க, தெளிஞ்ச சூப்ல புரோட்டீன் கொஞ்சம் தான், அதுவும் ஜெலட்டின், தசை கட்ட அது லாயக்கில்ல. சூப்ப அம்மாவுக்கு குடுத்துட்டு கறிய மருமகன் சாப்பிடற பழக்கம் பல வீட்டுல இருக்கு, அத மாத்திப் போடுங்க. சத்துமாவு கஞ்சியும் இதே கதை, கடையில வாங்கறதுல பெரும்பாலும் தானியம் தான், வீட்டுல அரைச்சா பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் பாதிக்கு பாதி போடுங்க. பழைய சோறு, வெளி சட்னி, வெட்டி வச்ச பழம் இதெல்லாம் கவுண்ட் சரியாகற வரைக்கும் வேண்டாம்.

வெயிட் குறைக்க டயட் இருக்கணுமான்னா, இப்போ வேண்டாம். இந்த நேரத்துல சாப்பாட்ட பாதியாக் குறைச்சா கொழுப்போட சேந்து தசையும் போகும், தசை தான் இப்போ நமக்கு ரொம்ப வேணும். விரதம் இருந்தா கீமோ நல்லா வேலை செய்யும்னு வீடியோ வருது, அந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் கீமோ நேரத்துல விரதம் வேண்டாம்னு தான் சொல்லுது. ஜூஸ், பிஸ்கட், இனிப்பு இத எடுத்துட்டு அந்த இடத்துல புரோட்டீன் வச்சாலே எடை ஏறுறது தானா நிக்கும், மிச்சத்த ட்ரீட்மென்ட் எல்லாம் முடிஞ்சப்புறம் நிதானமா பாத்துக்கலாம்.

ஆனா அம்மா படுத்தே இருந்தா நான் மேல சொன்ன முட்டை, மீன் எதுவும் தொடைக்கு போய் சேராது. தசைக்கு வேலை குடுத்தா தான் அது புரோட்டீன கேக்கும். "உடம்பு தேறட்டும், அப்புறம் நடக்கலாம்"னு எல்லா வீட்டுலயும் சொல்றாங்க, நடக்காம தேறாதுங்கறது தான் எங்க அனுபவம். 2007ல கனடாவுல கீமோ எடுத்துட்டு இருந்த 242 மார்பகப் புற்றுநோய் பெண்கள மூணு குரூப்பா பிரிச்சு பாத்தாங்க, ஒண்ணுக்கு எடை தூக்கற பயிற்சி, ஒண்ணுக்கு நடை, சைக்கிள் மாதிரி, இன்னொண்ணுக்கு வழக்கம் போல. எடை தூக்கினவங்க திட்டமிட்ட கீமோவுல சராசரியா 90 சதவீதம் வாங்கி முடிச்சாங்க, வழக்கம் போல இருந்தவங்க 84. பின்னாடி வந்த ஆய்வுகள் எல்லாத்துலயும் இந்த வித்தியாசம் வரல, அதனால உடற்பயிற்சி பண்ணா டோஸ் குறையவே குறையாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அசதி குறையும், எந்திரிச்சு நடமாடுவாங்க, அதுல சந்தேகம் இல்ல. 2022ல அதே அமெரிக்க புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமே சிகிச்சை நடக்கும்போதே உடற்பயிற்சி பரிந்துரைக்கணும்னு டாக்டர்களுக்கு சொல்லிடுச்சு.

முதல்ல ஒரு டெஸ்ட். கை வைக்காத சாதாரண நாற்காலிய சுவத்து ஓரமா போட்டு அம்மாவ உக்கார வைங்க, கைய நெஞ்சுக்கு குறுக்க கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காரணும், ஃபோன்ல டைம் பாருங்க. நீங்க பக்கத்துலயே நில்லுங்க. ஆசியர்களுக்குன்னு போட்ட அளவுப்படி 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா தசை பலத்துல குறை இருக்கலாம்னு அர்த்தம், அம்மாவால அஞ்சு முடியாமலே போகலாம், பரவால்ல, எத்தனை முடிஞ்சுதுன்னு எழுதி வச்சுக்கோங்க. வெயிட்ட எழுதற நோட்டுலயே இதையும் எழுதுங்க, வாரம் ஒரு தடவை. ஆஸ்பத்திரியில கைப்பிடி பலம் பாக்குற மெஷின் இருந்தா கேளுங்க, பெண்களுக்கு 18 கிலோவுக்கு கீழ இருந்தா கம்மி.

பயிற்சியும் அதே நாற்காலி தான். முதல் வாரம் கைய ஊனிக்கிட்டே எட்டு தடவை, கொஞ்சம் ரெஸ்ட், திரும்ப எட்டு, வாரத்துல மூணு நாள். அப்புறம் சுவத்துல ரெண்டு கையையும் வச்சு தள்ளறது, சமையல் மேடைய புடிச்சுக்கிட்டு குதிகால தூக்கி இறக்கறது. நடை தினமும், முதல்ல வீட்டுக்குள்ளயே பத்து நிமிஷம் ரெண்டு வேளை, பேசிக்கிட்டே நடக்க முடியற வேகம். கீமோ போட்ட நாளும் அடுத்த நாளும் நடை மட்டும் போதும். பாதம் மரத்திருந்தா வெறுங்கால்ல நடக்க விடாதீங்க, வீட்டுக்குள்ளயும் பின்னாடி பட்டி வச்ச செருப்பு, ராத்திரி பாத்ரூம் போற வழியில லைட்டு.

இடது கை விஷயம். அக்குள் நெறிக்கட்டிய எடுத்ததால கை வீங்கிடும்னு வாழ்நாள் பூரா அந்தக் கைய பொத்திப் பொத்தி வைக்கச் சொன்ன காலம் ஒண்ணு இருந்துச்சு. 2009ல ஏற்கனவே கை வீக்கம் இருந்த 141 பெண்கள வச்சே எடை தூக்கற பயிற்சி குடுத்து பாத்துட்டாங்க, வீக்கம் கூடல, திடீர்னு மோசமாகறது குறைஞ்சுது. அவங்க ரொம்ப கம்மி எடையில ஆரம்பிச்சு, ஆள் பக்கத்துல இருந்து சொல்லிக் குடுத்து, மெதுவா ஏத்தினாங்க, அது முக்கியம். ஆபரேஷன் புண் நல்லா ஆறியிருந்தா அரை லிட்டர் தண்ணி பாட்டில்ல ஆரம்பிக்கலாம், பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை பாத்து சொன்னப்புறம். சொம்பு தாராளமா தூக்கலாம், குடம் இப்போதைக்கு வேண்டாம்.

நிறுத்த வேண்டிய நாளும் இருக்கு. காய்ச்சல் 100.4 தொட்டா உடற்பயிற்சி என்ன, வீட்டுலயே இருக்கக் கூடாது, ராத்திரி ரெண்டு மணின்னாலும் ஆஸ்பத்திரிக்கு போயிடணும், பாராசிட்டமால் போட்டுட்டு விடியட்டும்னு உக்காராதீங்க. ஹீமோகுளோபின் 8க்கு கீழ, பிளேட்லெட் 50,000க்கு கீழ இருந்தா எடைப் பயிற்சி டாக்டர கேட்டுட்டு தான். நெஞ்சு வலி, படுத்தா மூச்சு முட்டறது, ரெண்டு கால்லயும் திடீர் வீக்கம் இருந்தா உடனே சொல்லுங்க, முதல்ல போட்ட நாலு கீமோவுல சிவப்பா ஒரு மருந்து ஏத்தியிருந்தா அது இதயத்த தொடக்கூடியது, எக்கோன்னு இதயத்துக்கான ஸ்கேன் பாக்கச் சொல்லலாம். எலும்புல நோய் பரவியிருக்கறவங்களுக்கு நான் சொன்ன பயிற்சி அப்படியே பொருந்தாது, அம்மாவுக்கு அப்படி எதுவும் எழுதலன்னு வச்சு தான் சொல்றேன்.

எத்தனை நாள்ல தெரியும்னு அடுத்து கேப்பீங்க. தொடைத் தசை ஒரு வாரத்துல திரும்பாது, ஆறேழு வாரம் ஆகும், அதுவும் ஸ்டீராய்டு போயிட்டு இருக்கறதால மெதுவா தான் ஏறும். ஆனா நாற்காலியில இருந்து கை ஊனாம எந்திரிக்கறது ரெண்டு மூணு வாரத்துலயே கொஞ்சம் சுலபமாகும், நரம்பும் தசையும் பழகிக்கறதால. வெயிட் குறையலயேன்னு அப்போ மெஷின பாத்து சோர்ந்துடாதீங்க.

அண்ணன் வாங்கின முள்ளு சீத்தா பவுடர் வேண்டாம். மனுஷங்களுக்கு கேன்சர் குணமானதுக்கு ஆதாரம் இல்ல, பெரும்பாலும் லேப்ல செல் மேலயும் எலி மேலயும் பாத்தது தான். கூட அனோனாசின்னு ஒரு பொருள் அதுல இருக்கு, நரம்புக்கு நல்லதில்ல, கரீபியன் தீவான குவாதலூப்ல இந்தப் பழத்தையும் இலையையும் நிறைய எடுத்துக்கறவங்க கிட்ட பார்க்கின்சன் மாதிரி ஒரு நோய் அதிகமா இருக்கறத பாத்து அங்க சந்தேகம் கிளம்புச்சு. பாக்லிடாக்சல் ஏற்கனவே அம்மாவோட நரம்ப தொட்டுட்டு இருக்கு. சீந்தில் பொடி யாராவது குடுத்தாலும் இதே பதில், அதுல கல்லீரல் பாதிச்ச கேஸ்கள் 2021ல மும்பையில இருந்தே வந்திருக்கு. அண்ணன் கிட்ட நேரடியா வேண்டாம்னா மனசு கஷ்டப்படுவார், டப்பாவ அடுத்த கீமோவுக்கு எடுத்துட்டு போய் டாக்டர் முன்னாடி வச்சு அவர் வாயாலயே கேட்டுக்கட்டும். அதுவரைக்கும் அந்தக் காசுக்கு வாரம் ரெண்டு நாள் மீன் வாங்கிட்டு வரச் சொல்லுங்க.